கீழ்வீட்டுக்குக் கேட்காத பேஸ்

இரவு பத்தரை மணி. வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஒருவர் பேஸ் கிடாரைக் கையில் எடுக்கிறார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் கீழ்வீட்டு மாமா எழுந்துவிடுவார். கிடாரும் பேஸும் சொல்லித்தருகிற என்னிடம் வருகிறவர்களில் பலருக்குச் சாதகம் செய்யக் கிடைக்கிற நேரமே இதுதான்.

பேஸின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். நடுத்தர ஒலிகளைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். இந்தத் தாழ்ந்த ஒலியைத் தடுப்பது கடினம். தரைக்கும் தூணுக்கும் இறங்கி அடுத்த வீட்டுக் கட்டிலை எட்டிவிடும்.

“அப்படியானால் ஆம்ப் இல்லாமலே வாசித்தால் என்ன சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். மூன்று மாதம் அப்படியே வாசித்தும் வந்தார். வகுப்பில் ஆம்ப்பில் இணைத்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் அறைந்த மாதிரி வந்தது. காரணம் இருக்கிறது. மின் கிடாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப், அதாவது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. மெல்லத் தொட்டாலே அதற்குப் போதும். அவரோ தன் காதுக்கு எட்ட வேண்டுமென்று மூன்று மாதமும் கம்பியைப் பிடுங்கி இழுத்திருக்கிறார். பாவம், அந்தக் கையைத் தளர்த்த இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

இதற்குத்தான் ஹெட்போன் ஆம்ப். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. இதன் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1976இல் வந்த ‘பாஸ்டன்’ குழுவின் முதல் இசைத்தட்டில் பெரும்பகுதியைத் தன் வீட்டு நிலவறையிலேயே பதிவு செய்தவர். 1982இல் அவர் கொண்டுவந்த ‘ராக்மேன்’ என்ற ஹெட்போன் ஆம்ப் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவுதான். அதில் ஒரு நுட்பம் உண்டு. கிடார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும். ஹெட்போன் எதையும் விழுங்காது. அதனால் ராக் கிடாரின் கரகரப்பை நேரே கொடுத்தால் குளவி இரைவது போலிருக்கும். ஸ்பீக்கர் விழுங்குவதைத் தானே விழுங்கும்படி ஷோல்ஸ் மின்சுற்றை அமைத்தார். டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் 1987 தொகுப்பான ‘ஹிஸ்டீரியா’வின் கிடார் ஒலியில் பெரும்பகுதி இந்தப் பெட்டி வழியாக வந்ததுதான்!

இன்று வாக்ஸ் நிறுவனத்தின் ‘ஆம்ப்ளக்’ போன்றவற்றைக் கிடாரில் வயர் மாட்டும் துளையிலேயே செருகிக்கொள்ளலாம். பேஸ் வாசிப்பவர்கள் பேஸுக்கென்று செய்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. சாதாரண புளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலும், டிரம்ஸிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்று தாளம் பிடிப்பது போலாகிவிடும். வயர் வைத்த ஹெட்போனே போதும்.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மெல்லிசைக் குழுவில் பல வருடம் வாசித்த பிறகுதான் ஹெட்போனில் என் பேஸை முதன்முதலாகக் கேட்டேன். மேல் கம்பிகளில் என்ன வாசித்தாலும் அடியில் தடித்த கம்பி தானாக முனகிக்கொண்டே இருந்தது. மேடையில் டிரம்ஸும் அரங்கின் எதிரொலியும் அதை மூடியிருந்தன. அன்றிலிருந்து கட்டைவிரலை அந்தக் கம்பியின்மேல் ஓய்வாக வைக்கப் பழகினேன். என் மாணவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியே இதுதான்: ஒரு ஸ்வரம், இரண்டு மாத்திரை, விரலை விடு, அடுத்த இரண்டு மாத்திரை முழு அமைதி. அந்த அமைதியில் எந்தக் கம்பி ஒலிக்கிறது என்று கேள். எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு மாத்திரைதான் கடினமாக இருக்கிறது.

முடிப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் சத்தத்தைக் குறைப்பதற்காக ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். ஹெட்போனிலும் பக்கத்தில் பேசுவது கேட்கிற அளவுக்கே ஒலியை வையுங்கள். இன்றிரவு உங்கள் பேஸின் நான்கு கம்பிகளும் நீங்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கட்டும். கீழ்வீட்டு மாமாவும் நிம்மதியாகத் தூங்கட்டும்.