அம்மாவிடம் கேட்கக் கூடாத கேள்வி

(மகாவீர் ஜெயந்தி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘சீவக சிந்தாமணியில் விசயை’ என்பதாகும். ஈன்ற அன்றே மகனைப் பிரிந்து, ஆண்டுகள் பல கழித்து அவனை மீண்டும் கண்ட தாய் அவள். குறிப்பெடுக்க அமர்ந்தபோது எனக்கு வேறொரு தாயே நினைவில் வந்துகொண்டிருந்தார். மகளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே மகளைப் பிரிந்து போனவர் அவர். என் அன்னை. குழுவினரிடம் இசைவு பெற்று அவரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். விசயை பொறுத்தருள்வாளாக.

என் அன்னை வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆயினும் ஊரில் யார் வீட்டுத் திருமணம் எந்த ஆண்டு, எந்த மாதம் என்று அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். அத்தகையவரிடம் முதன்முதலாக ஏதோ சரியில்லை என்று நான் உணர்ந்தது 2016ஆம் ஆண்டில். தண்ணீர் வடிகட்டும் துணியைக் காணவில்லை என்று வீடு முழுவதும் தேடினோம். அது அரிசிப் பானைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வடிகட்டாத நீரை அடுப்பில் ஏற்றியறியாத கைகள் அவை. அந்தத் துணியைப் புனிதப் பொருளைப் போலப் போற்றியவர் அதை அரிசிக்குள் வைத்ததைக் கண்டு நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த சில மாதங்களில் சிரிப்பு நின்றது. மூன்று தெரு தள்ளியுள்ள ஜினாலயத்திலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் ஒரு நாள் குளக்கரையில் நின்றுகொண்டிருந்தார். காற்றுச் சேட்டை என்றார் ஒருவர். கிரகக் கோளாறு என்றார் மற்றொருவர். வயதானால் அப்படித்தான் என்றவர்களே மிகப் பலர். நானும் மந்திரித்த கயிறு கட்டினேன். எம்.ஏ. படித்த நான் கட்டினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்வாறு ஓராண்டு வீணாயிற்று.

பின்னர்தான் நரம்பியல் மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் செய்யச் சொன்னவை இரத்தப் பரிசோதனைகள். தைராய்டுச் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுதல் ஆகியவற்றாலும் மறதி வரக்கூடும். அவற்றுட் பலவற்றை மருத்துவத்தால் சரிசெய்ய முடியும். பி12 பற்றி நம் குடும்பத்தினர் தனியே அறிந்துகொள்ள வேண்டும். அது இயற்கையாகக் கிடைப்பது பெரும்பாலும் புலால், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்துதான். புலால் மறுத்த நமக்குப் பாலும் தயிருமே வழி. முதுமையில் அவற்றையும் குறைத்துக்கொண்டு, நோன்பும் மிகுதியாக இருப்பவர்களுக்கு அந்தச் சத்துக் குறைவது எளிது. இதற்காக யாரும் புலால் உண்ண வேண்டியதில்லை. மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. அம்மாவுக்கும் அது குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டோம். உடற்சோர்வு தீர்ந்தது, மறதி தீரவில்லை. மூளைப் படம் எடுத்துப் பார்த்த பிறகு மருத்துவர் அல்சைமர் நோய் என்றார்.

இந்நோய்க்குப் பெயரான அலாய்ஸ் அல்சைமர் ஒரு ஜெர்மானிய மருத்துவர். 1901ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை அவர் கண்டார். அப்பெண்ணும் ஒரு மகளுக்குத் தாய். அல்சைமர் அவரிடம் நாள்தோறும் கேள்விகள் கேட்டு விடைகளைக் குறித்துவைத்தார். பென்சிலையும் சாவியையும் காட்டிப் பெயர் கேட்டார். அப்பெண் சரியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. தட்டில் காலிஃபிளவர் இருக்க, உண்பது கீரை என்றார். தன்னையே தான் தொலைத்துவிட்டதாகவும் ஒருமுறை கூறினார். 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த கறைகளையும், அணுக்களின் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். இவ்விரண்டும் புரதங்கள் என்று இன்று தெரியும். அவை ஏன் ஒருவருக்கு அளவுமீறிச் சேர்கின்றன, ஒருவருக்குச் சேர்வதில்லை என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. அதனால்தான் இது இன்றும் ஒரு புதிர்நோய்.

மூளையில் கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு, ஹிப்போகேம்பஸ் என்பர். புதிய நினைவுகளைப் பதித்துக்கொள்வது அதன் பணி. நோய் பெரும்பாலும் அங்கும் அதை ஒட்டியும் தொடங்குகிறது. ஆகவே காலையில் உண்டது மறக்கும். கல்யாணத்தில் உண்டது மறக்காது. நம் ஆகமம் மதிஞானத்தை நான்கு படிகளாகப் பகுக்கிறது அல்லவா? புலனுக்கு ஒரு பொருள் எட்டுவது அவக்கிரகம். என்னவென்று ஆராய்வது ஈஹை. இன்னதெனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது தாங்குவது தாரணை. அம்மாவுக்கு முதல் மூன்றும் நெடுநாள் நன்றாக இருந்தன. தாங்கும் கைதான் தளர்ந்தது. அறிவியலும் ஆகமமும் ஒன்றே என்று நிறுவ நான் வரவில்லை. எனக்கு அந்நிலை விளங்கிய விதத்தைச் சொல்கிறேன், அவ்வளவே.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பழகியவள் நான். மறந்தவர்க்கு மீண்டும் மீண்டும் கேட்டால் நினைவு வந்துவிடும் என்பது என் தொழில் நம்பிக்கை. ஆகவே ஓய்வு பெற்ற பிறகு என் வகுப்பு வீட்டில் தொடர்ந்தது. ஒரே மாணவி. “இன்று என்ன கிழமை அம்மா? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? இது யார், சொல்லுங்கள் பார்ப்போம்?” விருந்தினர் முன்னிலையிலும் கேட்பேன். பேத்தியைக் காட்டி யாரென்று கேட்டால், “தெரியாமலா? நம் வீட்டுப் பெண்தானே” என்று சிரித்துச் சமாளிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அம்மாவுக்கு நினைவிருக்கிறது என்று மகிழ்வேன். விடை தெரியாத மாணவி ஆசிரியரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது என்று எனக்குத்தானே முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கர் வகையை உவமைகளால் கூறுவார். கடை மாணாக்கருக்குரிய உவமைகளுள் ஒன்று இல்லிக்குடம், அதாவது ஓட்டைக்குடம். வகுப்பில் நான் அச்சொல்லைத் தாராளமாக வழங்கியிருக்கிறேன். ஒரு நாள் காலை, மருந்து சாப்பிட்டாயிற்றா என்று அம்மா பதினோராம் முறையாகக் கேட்டபோது, பொறுமையிழந்து, “இல்லிக்குடம்! எவ்வளவு ஊற்றினாலும் நிற்பதில்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. “எந்தக் குடம்மா ஒழுகுது?” என்று கேட்டு, எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கிருந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிப்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன என்று என்னிடம் வந்து சொன்னார்.

அன்றோடு தேர்வை நிறுத்தினேன். கேட்பதற்குப் பதிலாகச் சொல்லத் தொடங்கினேன். “அம்மா, நான் உங்கள் பெரிய பெண் வந்திருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. இதோ உங்கள் பேத்தி.” விடையைக் கையில் கொடுத்துவிட்டால் அவருக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. முகம் தெளிந்தது. நோய் குறையவில்லை, அச்சம் குறைந்தது.

ஆனால் எல்லா விடைகளையும் அவ்வாறு சொல்லிவிட முடியவில்லை. அப்பா 2006இலேயே காலமாகிவிட்டார். மாலையானால் அம்மா வாசலைப் பார்த்து, “அப்பா இன்னும் வரவில்லையே?” என்பார். முதலில் உண்மையைச் சொன்னேன். அக்கணமே செய்தி கேட்டவரைப் போல அழுதார். ஒரே நாளில் மூன்று முறை அவரைக் கைம்பெண் ஆக்கினேன். வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு என்றனர் அண்டை வீட்டார். அது பொய்யாயிற்றே! சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் வாய்மை நோன்பை விளக்கும்போது, பிறர்க்குத் துன்பம் விளைக்கும் உண்மையையும் விலக்கச் சொல்கிறார். பொய்யும் கூடாது, கேடு தரும் மெய்யும் கூடாது என்றால் எஞ்சுவது என்ன? ஒரு நாள் தற்செயலாக வாயில் வந்தது: “அப்பாவுக்கு எது ரொம்பப் பிடிக்கும் அம்மா?” அவ்வளவுதான். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் அவர் ஈரச் செடியோடு கொண்டுவந்து போடுவதையும், உப்பிட்டு வேகவைத்த காய்க்கு அவர் காத்திருப்பதையும் அரை மணி நேரம் சொன்னார். வாசலைப் பார்ப்பதை மறந்தார். இங்கும் நான் கேள்விதான் கேட்டேன். ஆனால் விடை அவரிடம் இருந்த கேள்வி.

எங்கள் வீட்டில் பெரும் பிணக்கை விளைத்தது இரவு உணவு. திருமணமான நாள் முதல் பொழுது சாய்ந்தபின் உணவு கொள்ளாதவர் என் அன்னை. மாலை மயங்கும் நேரத்தில் இந்நோயாளர் பலருக்குப் பதற்றம் மிகும். மாலை ஐந்தரைக்கு உண்டவர், இரவு பத்து மணிக்கு எழுந்து, “இன்று யாருமே எனக்குச் சோறு போடவில்லை, பசிக்கிறது” என்று அழத் தொடங்கினார். அன்று சென்னையிலிருந்து தம்பி வந்திருந்தான். “அக்கா, அறுபது ஆண்டு அம்மா காத்த விரதம். அவருக்கு நினைவில்லை என்றால், நினைவுள்ள நாம் அல்லவா அதைக் காக்க வேண்டும்?” என்றான். அவன் சொன்னது வெறும் பேச்சன்று. தான் செய்வது, பிறரைச் செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது மூன்றும் வினைக்கு வழி என்பதை நாம் அறிவோம். ஆனால் பசியென்று அழும் முதியவரைப் பட்டினியிட்டுக் காக்கும் விரதம் யாருடைய விரதம்? நான் பாலைக் காய்ச்சி, வாழைப்பழத்தோடு கொடுத்தேன். தம்பி விடியுமுன் புறப்பட்டுப் போனான். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

மனம் ஆறாமல், சாத்திரம் கற்ற பெரியவர் ஒருவரிடம் சென்று கேட்டேன். நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். “பால்குடிக் குழந்தை இரவில் அழுதால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு ஓர் ஐப்பசி மாதத்தில் நண்பகல் வேளையிலேயே வானம் இருண்டு பெருமழை பிடித்தது. மின்சாரமும் இல்லை. விளக்கேற்றி, அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொண்டுபோனேன். விளக்கைப் பார்த்தார். தட்டைக் கையால் தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டார். “பொழுது போயிடுச்சேம்மா.” கடிகாரத்தைக் காட்டினேன், கடிகாரம் பார்ப்பதை அவர் மறந்து ஓராண்டாகியிருந்தது. பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்தவர், உண்டதை மறந்தவர், அந்த நோன்பை மறக்கவில்லை. மூன்று மணிக்கு மழை விட்டு வெயில் வந்தது. “விடிஞ்சிடுச்சா?” என்று கேட்டு, பல் துலக்கி, முகம் கழுவி, மதியச் சோற்றை அமைதியாக உண்டார். மறுநாள் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவனிடமிருந்து சற்று நேரம் ஒலியே இல்லை. “அப்புறம் சாப்பிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டான்.

உடல் பழகிய செயல்களின் நினைவு மூளையில் வேறிடங்களைச் சார்ந்தது, அதனால் அது பிந்தித் தேயும் என்பர் மருத்துவர். ஞானாவரணீயம் அறிவை மறைக்குமேயன்றி அழிப்பதில்லை, நிகோத உயிரிடத்தும் ஒரு நுண்ணிய கீற்று மறைக்கப்படாமல் இருக்கும் என்பது நம் ஆன்றோர் கொள்கை. இரண்டையும் படித்திருந்தேன். வாயைப் பொத்திய அந்தக் கையைப் பார்த்தபோதுதான் படித்ததற்குப் பொருள் தெரிந்தது.

இந்த அரங்கிலும் சிலர் வீட்டில் இத்தகைய முதியவர் இருக்கக்கூடும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுள்ளது. கயிறு கட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்னும் அரசின் கட்டணமில்லா எண் இருக்கிறது. இரவில் விழித்திருப்பவர் ஒரே ஒருவராக இருக்க விடாதீர்கள். பெரும்பாலும் அவர் அந்த வீட்டு மருமகளாகவோ மகளாகவோதான் இருக்கிறார். என் வீட்டில் நான் இருந்தேன். எனக்கும் ஒரு கட்டத்தில் நோயாளியைப் போலவே ஆயிற்று. அது தனிக்கதை.

அம்மா 2021 தை மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். அதற்குச் சில நாள் முன்பு, மாலை நான்கு மணி இருக்கும். கட்டிலருகே அமர்ந்திருந்த என்னை நெடுநேரம் பார்த்தார். “நீ யார் பெற்ற பெண்ணம்மா?” என்றார்.

“நீங்கள் பெற்ற பெண்தான் அம்மா” என்றேன்.

“அப்படியா!” என்று வியந்து, என் கையைப் பற்றிக்கொண்டார். “சாப்பிட்டியா? பொழுது போறதுக்குள்ள போய்ச் சாப்பிடு” என்றார்.

போய்ச் சாப்பிட்டேன்.