டிரஸ்ட் நிலமும் பங்காளிச் சண்டையும்

"பேரன் பேத்தி எல்லாரும் அனுபவிக்கட்டும், யாரும் விற்கக் கூடாது" என்று தாத்தா நிலத்தை டிரஸ்ட்டாக எழுதி வைத்துவிட்டுப் போவார். நிர்வாகம் மூத்தவர் கையில் வரும். ஒருவர் நெல் வைக்கலாம் என்பார். இன்னொருவர் தோல் ஷாப்புக்குக் குத்தகை விட்டால் கைநிறையப் பணம் என்பார். வரப்பிலே ஆரம்பித்த பேச்சு கோர்ட்டிலே போய் நிற்கும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டா நிர்வாகியின் பேரில் இருக்கலாம். பலன் பத்திரத்தில் பேர் உள்ள அத்தனை பேருக்கும்தான். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி, நிர்வாகி அந்த நிலத்தைத் தன் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும். பத்திரத்தையும் கணக்கையும் பார்க்கப் பயனாளிக்கு உரிமை உண்டு. கட்டிக் கொடுத்த பெண்ணாக இருந்தாலும், பத்திரத்தில் பேர் இருந்தால் அவருக்கும் அதே உரிமைதான்.

குத்தகைக்கும் வரம்பு உண்டு. கோர்ட் அனுமதி இல்லாமல் 21 வருஷத்துக்கு மேல் விட முடியாது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்குத்தான் விட வேண்டும்.

வாடகையை மட்டும் பார்த்தால் போதுமா? நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கழிவுநீர் செய்த கேடு உங்களுக்குத் தெரியும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக, 1996-இல் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பிலே எடுத்துச் சொன்னது. உப்பேறின மண்ணும் கெட்ட கிணறும் குத்தகை முடிந்த மறுநாளே திருந்திவிடாது. சொந்த நிலத்தைக் காப்பதுபோல டிரஸ்ட் நிலத்தைக் காப்பது நிர்வாகியின் கடமை. ஆகவே, யார் வருகிறார், கழிவுநீர் எங்கே போகும் என்று விசாரித்து, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சண்டைக்கு முன் செய்ய வேண்டியது என்ன? சார்பதிவாளர் ஆபீசில் பத்திர நகல் வாங்குங்கள். எல்லாரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். கணக்கைக் கேளுங்கள். நிர்வாகத்தில் சந்தேகம் வந்தால், நிர்வாகியே மனுப் போட்டு மாவட்ட நீதிமன்றத்தின் யோசனையைக் கேட்கலாம். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

கோயில் கட்டளை, வக்பு நிலம் என்றால் சட்டம் வேறு. அறநிலையத் துறையிலோ வக்பு வாரியத்திலோ விசாரியுங்கள்.

தாத்தா எழுதி வைத்தது பேரன் பேத்திகள் வாழத்தான். மண்ணும் கெடாமல், உறவும் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.