அந்த அட்டை ஜாதகம் அல்ல



இந்தியாவிலேயே முதன்முதலாக 1952-இல் சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோயைக் கண்டது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில்தான். கண்டவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். நாடு முழுவதற்கும் ஓர் ஒழிப்புத் திட்டம் வர 2023 ஆயிற்று. 71 ஆண்டுகள்! ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனையாம், 2047-க்குள் ஒழிப்பாம். பரிசோதனை வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் எதை ஒழிக்கப் போகிறீர்கள்? நோயையா, நோயோடு பிறக்கும் பிள்ளையையா?

பழுதான மரபணு ஒன்றே ஒன்று இருப்பவர் நோயாளி அல்ல. தேயிலை பறிப்பார், மலை ஏறுவார். மலேரியா கொன்று குவித்த காலத்தில் நம் முன்னோரைக் காத்ததும் அந்த ஒற்றை மரபணுதான். கணவன், மனைவி இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. நான்கில் மூன்று பங்கு நோயில்லாத பிள்ளைக்கு வாய்ப்பு. இந்த இரண்டாவது கணக்கை உங்களில் யாருக்காவது யாராவது சொன்னார்களா?

ஒரு மருத்துவமனை வராந்தாவில் நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பார்த்தேன். தன் பரிசோதனை அட்டையை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். "ஏம்மா ஒளிக்கிறே?" என்றேன். "மாமியார் பார்த்துட்டா குத்தம் என்மேலதாங்க" என்றாள். புருஷனுக்கும் அதே அட்டை இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. நோய் வர இருவர் வேண்டும், பழி சுமக்க மட்டும் இவள் ஒருத்தியா? கையில் கருவைச் சோதிக்க ஒரு சம்மதப் படிவம், முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள், அதில் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு என்று அவளிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

நோய் உண்டா இல்லையா என்றுதான் அந்த நீர் சொல்லும். பிள்ளைக்கு எத்தனை வலி வரும் என்று சொல்லாது. ஒரு பிள்ளை அடிக்கடி மூட்டு வலியில் துடிக்கும். இன்னொன்று படித்து வேலைக்கும் போகும். வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது. அது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் கிடைக்கிறதா? மாத்திரை இல்லாத ஊரில், "முடிவு உன் இஷ்டம்மா" என்று ஒரு தாயிடம் சொல்வது பொய்!

கலைக்க முடிவெடுக்கும் தாயைக் கொலைகாரி என்பவர்களுக்கும் இந்த மேடையில் இடமில்லை. வலியில் அலறும் பிள்ளையை விடிய விடிய மடியில் போட்டிருந்தவளுக்குத் தெரியும், அடுத்ததைத் தாங்க முடியுமா என்று. பெறுவதும் பெறாததும் அவள் சொல்ல வேண்டியது. மாமியாரோ டாக்டரோ, இலக்கை எட்டத் துடிக்கும் அதிகாரியோ சொல்லக் கூடாது.

1994-ஆம் ஆண்டுக் கருச் சோதனைச் சட்டம் என்றால் ஆணா பெண்ணா பார்க்கத் தடை என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அதன் ஐந்தாம் பிரிவைக் கேளுங்கள்: கருவைச் சோதிக்கும் முன் பின்விளைவுகளை விளக்க வேண்டும், அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அதன் நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஆகவே தாய்மார்களே, நாளை அந்தப் பென்சில் குறியை யாராவது நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள். "தமிழில் கொண்டு வா, வாசித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். நகல் வாங்காமல் அந்த அறையை விட்டு நகராதீர்கள்!