வேல் தைத்த நாய்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அற இலக்கியங்களில் நட்பு என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்திருந்தார். நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரத்திலிருந்து ஒரேயொரு வெண்பாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதையும் உரைநூல்களைக் கொண்டு விளக்காமல், சென்ற ஐப்பசித் திங்களில் என் வீட்டில் நிகழ்ந்ததைக் கொண்டு பேச விழைகிறேன். அவை பொறுத்தருள வேண்டும்.

அவ்வெண்பா நீங்கள் அறிந்ததே. யானை போன்றவரின் நட்பை விலக்குக, நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்பது அதன் கருத்து. பல்லாண்டு பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வாலை ஆட்டும். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் இதை நடத்தி வருகிறேன். "நாய் நன்றியுள்ள விலங்கு" என்று எழுதும் மாணவிக்கு மதிப்பெண்ணும் வழங்கி வருகிறேன்.

நாயைத் தமிழர் இழிவாக மட்டுமே கருதினர் என்று சிலர் கூறுவதுண்டு. மணிவாசகர் தம்மை நாயாகத் தாழ்த்திக்கொண்டதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கும் போரில் பட்ட வீரனுக்கு எடுத்த அக்கல்லில், அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மாட்டுக்கு வாகடம் இருக்கிறது. குதிரைக்கும் யானைக்கும் நூல்கள் இருக்கின்றன. நாய்க்கு நம் முன்னோர் கல்லும் எழுத்தும் தந்தனர். மருந்து சொன்ன ஏடு மட்டும் என் கண்ணில் பட்டதில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். செவலை எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய், பெண். ஏழு ஆண்டுகளுக்கு முன், மழையில் நனைந்து வாசற்படியில் ஒண்டிய குட்டியை நான் உள்ளே எடுத்தேன். கருத்தடை அறுவை செய்துவிடுமாறு ஊர்க் கால்நடை மருத்துவர் அப்பொழுதே அறிவுறுத்தினார். வாயில்லாச் சீவனுக்குத் தாய்மையை மறுக்க நாம் யார் என்று நான் அன்று பேசியது நினைவிருக்கிறது. பேசிவிட்டு, அது குட்டி போடாதபடி ஒவ்வொரு பருவத்திலும் கதவைப் பூட்டி வைத்தவளும் நான்தான். இந்த முரண் எனக்கு அன்று உறைக்கவில்லை.

சென்ற ஆவணியில் அதன் பருவம் முடிந்தது. ஐப்பசி பிறந்தபோது செவலை மிகுதியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. அடைமழையில் இதற்கென்ன தாகம் என்று வீட்டில் சிரித்தோம். சோற்றைப் பாதியில் விட்டது. மழைக்கால மந்தம் என்றோம். ஐயம் எழுந்தபோதெல்லாம் நான் அதன் வாலைத்தான் பார்த்தேன். கல்லூரியிலிருந்து திரும்பினால் வாயிற்கதவு வரை வந்து வாலை ஆட்டியது. வாலாட்டும் நாய்க்கு நோய் என்ன என்று ஆறு நாட்களைக் கழித்தேன். ஏழாம் நாள் வாந்தி எடுத்தது, வயிறு உப்பியிருந்தது. அன்றும், மருத்துவர் தொட்டுப் பார்த்தபோது, படுத்தவாறே வாலைத் தரையில் இரண்டு முறை தட்டியது.

கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம் என்றார் அவர். பருவம் முடிந்த சில வாரங்கள் உடலில் ஊறும் சுரப்பினால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. அங்கே கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கிறது. வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். மூடியிருந்தால் உள்ளேயே பெருகி இரத்தத்தை நஞ்சாக்கும். செவலைக்கு மூடியிருந்தது. கருப்பையையும் சூலகங்களையும் அகற்றுவதே உறுதியான மருத்துவம். இளமையிலேயே அவற்றை எடுத்திருந்தால் இந்நோய்க்கு இடமே இருந்திராது. இதை அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் தம்பி வீடு புதுச்சேரியில் இருப்பதால், குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றிரவே புறப்பட்டோம். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நம் ஊர்க்காரர்க்கு ஒரு வேடிக்கையான விதி உண்டல்லவா? நம் தலைநகரத்துக்குப் போகவே பிற மாநிலத்தைக் கடக்க வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஒவ்வோர் ஊரையும் மழையில் எண்ணிக்கொண்டே சென்றேன். செவலையின் தலை என் மடியில் இருந்தது.

நரம்பின் வழியே நீர்மம் ஏற்றி, சற்றுத் தேற்றிய பின்னரே மயக்க மருந்து தந்தனர். உயிருக்கு உறுதி கூற இயலாது என்னும் தாளில் கையொப்பமிட்டேன். வெளியில் இருந்த விசுப்பலகையில் அமர்ந்திருந்தபோது, அந்த வெண்பா என்னை விடாமல் துரத்தியது. நாயின் அன்பைப் பாடிய புலவர், அந்த வேலைப் பிடுங்கியவர் யார் என்று சொல்லவில்லை. வாலாட்டுவதைக் கண்டு மகிழ்ந்த அந்த எசமான் அடுத்து என்ன செய்தான்? பதினெட்டு ஆண்டுகளில் என் மாணவியரில் ஒருத்தியும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அறுவைக்குப் பின் ஒரு தட்டில் வைத்து அந்தக் கருப்பையைக் காட்டினார்கள். எழுதுகோலினும் மெலிந்திருக்க வேண்டியது வாழைக்காய்ப் பருமனில் இருந்தது. அவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அது வாயிற்கதவு வரை வந்திருக்கிறது.

வீடு திரும்பிய பின்னரே உண்மையான வேலை தொடங்கியது. தையலை நக்காதிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினோம். அதைப் போட்டுக்கொண்டு செவலை நிலைப்படி தோறும் முட்டியது. பின்னர் சுவரைப் பார்த்து மணிக்கணக்கில் நின்றது. உப்பில்லாக் குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அடுத்த வீட்டம்மையார் அன்போடு காய்ச்சல் மாத்திரை கொண்டுவந்தார். நமக்கு வலி தீர்க்கும் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக்கூடும் என்பதால் மருத்துவர் எழுதித் தந்ததைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தனர். அம்மையாரிடம் அதைச் சொல்லப் பெரும்பாடு பட்டேன்.

நான்காம் நாள் கல்லூரிக்குச் சென்று திரும்பினேன். என்னைக் கண்டதும் செவலை எழுந்து பாய்ந்தது. மாலையில் தையலின் ஓரம் வீங்கியிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, நீர் கோத்திருக்கிறது, துள்ளவிடாதீர்கள் என்றார் மருத்துவர். எப்படித் துள்ளாமல் இருக்கும்? மறுநாள் முதல் கொல்லைப்புற வழியாக நுழைந்தேன். அதன் பெயரைச் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அயலாள் போல் அதைக் கடந்து சென்று, கை கழுவி, நெடுநேரம் கழித்துத்தான் அருகே தரையில் அமர்ந்தேன். என்ன குற்றம் செய்தோம் என்று அது நினைத்திருக்கும். எட்டு நாட்கள் அப்படிச் செய்தேன். நான் எழுதிய ஆய்வேடு எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. அந்நாட்களில் வாலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஈறின் நிறத்தையும், உறங்கும்போது விலா ஏறி இறங்குவதையும், குவளையில் எவ்வளவு நீர் குறைந்தது என்பதையும் பார்த்தேன்.

என் தாயார் நாயைத் தொடாதவர். நான் கல்லூரியில் இருந்த பகல் முழுதும் செவலைக்குக் காவல் அவர்தான். ஒருநாள் திரும்பி வந்தபோது, அதன் வயிற்றுத் தையலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இதே எடத்துலதான்டி தையல்" என்றார். ஆம், அவருக்கும் கருப்பையை எடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன், நான் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்தபோது. மூன்றாம் வாரத்திலேயே எழுந்து எனக்குச் சமைத்தார். வலிக்கவில்லையா அம்மா என்று இப்போது கேட்டேன்.

"வலிக்காம? நீ ராவும் பகலும் எழுதிக்கிட்டிருந்தே. நான் சிரிச்ச மூஞ்சியாத்தானே இருந்தேன், உனக்கு எப்படித் தெரியும்?"

நான் மறுமொழி கூறவில்லை. செவலையின் கூம்பைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் நம் ஊர் மருத்துவரே தையலைப் பிரித்தார். இப்பொழுது மயிர் முளைத்துத் தழும்பை மூடிவிட்டது. கையால் தடவினால்தான் தெரியும். மாலையில் நான் மீண்டும் வாயில் வழியாகவே நுழைகிறேன். செவலை பாய்ந்து வருகிறது, வாலை ஆட்டுகிறது. நான் முதலில் அதன் ஈற்றை விலக்கிப் பார்க்கிறேன். அதற்கு அது பிடிப்பதில்லை; தலையைத் திருப்பிக்கொள்கிறது. பிறகு இருவரும் அம்மா இருக்கும் கொல்லைத் திண்ணைக்குப் போகிறோம். முழங்கால் எப்படியிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்கிறேன். ஒன்றுமில்லை என்கிறார். நான் மறுபடியும் கேட்கிறேன்.