வெயில் வீட்டுக்குள்ளும் வரும்

(பலமனேரில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்துவிட்டு, அரசு உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். கோடையில் வயதானவர்களைப் பாதுகாப்பது பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் அக்காவை நான் வெயிலுக்குப் பறிகொடுத்தேன். அதுதான் தகுதி.

நம் பலமனேர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 அடி உயரத்தில் இருக்கிறது. நீலகிரிக்குப் பாதை போடுவதற்கு முன்னால், சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி இங்கே வந்து தங்கினார்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி சென்டிகிரேட் குறையும் என்பது பௌதிகக் கணக்கு. மொகிலி கணவாய் இறங்கி சித்தூர் தாண்டித் திருப்பதி போனால், அது சுமார் 500 அடி உயரம்தான். அங்கே பகலும் வேறு, இரவும் வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

2015 மே மாதம் ஞாபகம் இருக்கும். ஆந்திரா, தெலங்கானா இரண்டிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெயிலில் மாண்டார்கள். தெலுங்குப் பத்திரிகைகளில் தினமும் 'வடதெப்ப' என்று போட்டு எண்ணிக்கை வரும். வயலிலும் சாலையிலும் வேலை செய்பவர்களுக்கு வருவது, நமக்கில்லை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன்.

அக்காவுக்கு அப்போது 74 வயது. அத்திம்பேர் போன பிறகு திருப்பதியில் தனியாக இருந்தாள். மாடி வீடு, அதற்கு மேல் மொட்டைத் தளம். பிள்ளை வெளிநாட்டில், பெண் புனேயில். ரத்த அழுத்தத்துக்கு, நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அன்று ஏகாதசி. தண்ணீர்கூடத் தொடமாட்டாள். தினமும் காலையில் நான் போன் செய்வது வழக்கம். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் விருந்தாளிகள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். துவாதசி சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னாள். கணவாய் இறங்கி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சர்ட்டிபிகேட்டில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அது பொய்யும் இல்லை. வெயில் இப்படித்தான் வேறு பெயரில் வருகிறது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நம் உடம்பு வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வயதானால் வியர்வை குறைகிறது. சூடான ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்தச் சக்தியும் குறைகிறது. எல்லாவற்றையும் விட மோசம், தாகம் தெரிவதில்லை. "எனக்குத் தாகமே இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆபத்தும் அதுதான்.

மின்விசிறி போதும் என்று நினைக்கிறோம். அறையின் காற்று நம் தோலை விடச் சூடாகிவிட்டால், விசிறி வெந்நீர் ஆவி போல அந்தக் காற்றைத்தான் நம் மேல் வீசும். ஈரத்துணியை உடம்பில் போட்டுக்கொண்டு விசிறியின் கீழ் உட்கார்ந்தால் பலன் உண்டு. மொட்டைத் தளம் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கீழே இறக்கும். ஆகவே மாடியில் இருப்பவர்கள் கோடையில் கீழே படுப்பது நல்லது. தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும்.

தண்ணீர் விஷயத்தில் நாம் செய்யும் தப்புகள் இரண்டு. ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே, பிரயாணத்தில் பாத்ரூம் கிடைக்காதே என்று குடிக்காமல் இருப்பது ஒன்று. விரதம் என்று குடிக்காமல் இருப்பது மற்றொன்று. தண்ணீரும் பாலும் பழமும் மருந்தும் விரதத்தைக் கெடுக்காது என்று நம் பெரியோர்களே சொல்லியிருக்கிறார்கள். நீர்மோரும் பானகமும் கொடுத்த சம்பிரதாயம் நம்முடையது. தாகத்துக்குக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து, மணிக்கு அரை டம்ளராவது குடியுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். பங்குனியிலேயே சீட்டை எடுத்துக்கொண்டு போய், கோடைக்கு அளவு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், கால் சதை பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், உடம்பு 104 டிகிரிக்கு மேல் கொதித்தால், அது உயிருக்கு ஆபத்து. உடனே 108க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஜுர மாத்திரை இதற்குப் பயன்படாது.

இவ்வளவும் என் அக்கா வீட்டில் தெரிந்திருந்தால் போதுமா? போதாது. சொல்ல ஆள் வேண்டுமே.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் 700 பேருக்கு மேல் வெயிலில் இறந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், தனியாக இருந்தவர்களும் மேல்மாடியில் இருந்தவர்களும் ஜாஸ்தி ஆபத்துக்கு உள்ளாயினர். நாலு பேரோடு பழக்கம் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். பல குடும்பங்கள் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த மாதம் அது. மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது. ஒவ்வொரு நகராட்சியும், விரும்பும் முதியவர்களின் பெயரைப் பதிவு செய்து, வெயில் எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும்.

இதற்கு நமக்குச் சட்டம் வேண்டாம். இந்தப் பத்திரிகை எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது. ஒவ்வொரு கிளையும் 75 வயது தாண்டித் தனியாகவோ தம்பதியாகவோ இருப்பவர்களின் பட்டியலை எடுக்கட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓர் உறுப்பினர் இரண்டு வீட்டை ஏற்றுக்கொள்ளட்டும். காலையில் ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன். "சௌக்கியமா?" என்று கேட்காதீர்கள், "சௌக்கியம்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். போனை எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பார்க்க, பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும்.

வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் தர்மம். இங்கே தெலுங்கில் சலிவேந்திரம் என்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் வயதானவர்களுக்கு அந்த போன்தான் தண்ணீர்ப் பந்தல்.

இப்போது நான் தினமும் ஐந்து பேருக்குப் போன் செய்கிறேன். ஆறாவது நம்பர் ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.