பருவந்தோறும் பிள்ளைகளோடு வெளியில்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகப் படிப்பையே மூச்சாகக் கொண்டு உழைத்துவரும் ஒரு சங்கத்தின் மேடையில் ஏறி நின்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே சென்று பயனின்றிப் பொழுது போக்குங்கள் என்று ஒரு தலைமையாசிரியர் பேசுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். கபடிப் போட்டி, ஓட்டப் பந்தயம், கோப்பை, சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றி நாம் பேச வரவில்லை. அவற்றிற்குப் பள்ளியும் உடற்கல்வி ஆசிரியரும் இருக்கின்றனர். நடுவர் இல்லாமல், பரிசு இல்லாமல், மதிப்பெண் இல்லாமல் தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஏரிக்கரையிலும் ஓடைமணலிலும் பனந்தோப்பிலும் சேர்ந்து கழிக்கின்ற பொழுதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இதற்கு நம் மக்களிடையே ஒரு தடை உண்டு. அத்தடை சோம்பலால் வந்ததன்று. நம் பாட்டன் காலத்துப் பிள்ளை பகல் முழுவதும் வெளியில்தான் இருந்தான். ஆனால் அவன் கையில் மாடு ஓட்டும் கோல் இருந்தது. மாடு பயிரில் வாய் வைத்துவிட்டால் அடி விழும். வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் விடப்பட்ட சிறுவனுக்கு ஏரிக்கரை வேலைக்களம்; வானம் நேரம் பார்க்கும் கடிகாரம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே நம் வீட்டுத் தந்தை ஒருவர், “வெயிலில் நாங்கள் பட்டது போதும், என் பிள்ளையாவது நிழலில் உட்காரட்டும்” என்று கூறும்போது அதை நாம் எள்ளி நகையாட முடியாது. அச்சொல்லில் ஒரு தலைமுறையின் வலி இருக்கிறது.

ஆயினும் அந்த நிழலில் இன்று நடப்பது என்ன? பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி. தனிப்பயிற்சி முடிந்ததும் கைப்பேசி. ஞாயிற்றுக்கிழமையும் அவ்வாறே கழிகிறது. மழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுக என்று வினாத்தாளில் கேட்டால், நாற்பது பிள்ளைகளும் வழிகாட்டி நூலில் உள்ள அதே ஐந்து வாக்கியங்களை எழுதுகின்றனர். மழைக்குப் பின் ஏரிக் கலங்கலில் நீர் வழிந்தோடுவதைத் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த ஒரு பிள்ளை மட்டும் ஆறாவதாக ஒரு வாக்கியம் எழுதுகிறது. முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திய நமக்கு அந்த ஆறாவது வாக்கியத்தைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

குடும்பத்தோடு வெளியே சென்று களிப்பது சிறிய செய்தி என்று எண்ணுவோர்க்கு அண்ணல் அம்பேத்கரின் இளமையில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்ட வேண்டும். அவரே பிற்காலத்தில் அதனை எழுதி வைத்திருக்கிறார். அது 1901-ஆம் ஆண்டளவில் நடந்தது. அவர் அப்போது பத்து வயதளவான சிறுவர். அவருடைய தந்தையார் கோரேகாவ் என்னும் ஊரில் பணியிலிருந்தார். கோடை விடுமுறைக்குத் தம்மிடம் வருமாறு அவர் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். சத்தாராவில் இருந்த பிள்ளைகளுக்குக் களிப்புத் தாங்கவில்லை. புதுச் சட்டை, மின்னும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் வாங்கப்பட்டன. வாழ்க்கையில் முதன்முதலாகப் புகைவண்டிப் பயணம்! மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல ஆள் வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதம் தந்தையார் கைக்குச் சேரவே இல்லை. அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, பிள்ளைகள் மகர் குலத்தார் என்று அறிந்ததும் முகம் மாறி விலகிச் சென்றார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இறுதியில் இரட்டிப்புக் கூலிக்கு ஒருவன் உடன்பட்டான். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் நடந்து வருவான் என்னும் ஏற்பாட்டின்மேல். கையில் உணவு இருந்தது. குடிக்க நீர் கொடுப்பார் இல்லை. இரவு முழுவதும் பசியும் தாகமுமாகக் கிடந்து மறுநாள் முற்பகலில்தான் ஊர் சேர்ந்தனர். ஒரு விடுமுறைப் பயணத்தின் முடிவு இது.

அந்தச் சிறுவர்தாம் வளர்ந்து, 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரின் சௌதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். நம் மாநிலத்திலோ, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்தார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று பெயர் சொல்லி எண்ணிக் காட்டுகிறது. இவற்றைப் படிக்கும்போது நாம் தண்ணீர்க் குடத்தையும் நடக்கும் காலையும் மட்டுமே நினைக்கிறோம். குளத்தின் படியில் வெறுமனே அமர்ந்து காலால் நீரை அளைந்து விளையாடுவதும் அந்த உரிமைக்குள் அடங்கியதே ஆகும். ஏரி எந்தத் தெருவுக்கும் தனிச்சொத்து அன்று. பெரிய ஏரி அரசின் நீர்வளத் துறைக்கும், சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்திற்கும் பொறுப்பானது. எங்கேனும் இன்றும் முகம் சுளிப்பார் இருப்பின், பிள்ளையை முன்னே விட்டுப் பெரியவர் பின்னே நிற்றல் கூடாது. பெரியவர்கள் நால்வர் ஐவராக முன்னே செல்ல வேண்டும். சட்டத்தின் வழியே பேச வேண்டும். பிள்ளைக்கு அன்று கிடைக்க வேண்டியது களிப்பு மட்டுமே.

இனி, எப்போது போவது, போய் என்ன செய்வது என்று இளைஞர்கள் வினவுவர். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். பாலாற்றுப் பக்கத்து ஏரிகளை வைத்துச் சொல்கிறோம். உங்கள் ஊருக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கார்காலத்து முதல் மழை செம்மண்ணில் விழுந்த மறுநாள் காலையில் பட்டுப்பூச்சி வெளிவரும். குங்குமச் சிவப்பாய், வெல்வெட்டுத் துணி போன்ற மேனியுடன் அது ஊர்ந்து செல்லும் அழகைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். தீப்பெட்டியில் அடைத்து வைக்கும் வழக்கம் மட்டும் வேண்டா; பார்த்துவிட்டு விட்டுவிடலாம். மாலையில் ஈசல் பறக்கும். பாட்டிமார் இருந்தால் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுப்பது எப்படி என்று சொல்லித் தருவர். கூதிர்க்காலமாகிய ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். வரப்போரத்தில் ஊதாப்பூப் பூக்கும் சிறு செடியொன்றின் உலர்ந்த காயைப் பிள்ளைகள் பட்டாசுக்காய் என்பர். அதனை நீரில் போட்டால் சில நொடிகளில் படீரென்று வெடித்து விதைகளைச் சிதறும். ஈரம் பட்டதும் காயின் இரு பாதிகளும் விசையோடு பிரிகின்றன. மழை பெய்யும் நேரத்தில் விதை தூரம் போய் விழ வேண்டும் என்பதற்காகச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. இதைக் காட்டக் காசு வேண்டுவதில்லை. பனையோலைகளிலிருந்து கிணற்றின்மேல் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, காற்றில் விழுந்து கிடந்தால் எடுத்துப் பார்க்கலாம். முடைந்தது ஆண் குருவி என்று சொன்னால் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் நம்ப மறுக்கின்றனர்!

ஏரி நிரம்பிய பின் பறவைகள் வரும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடிய நிலையிலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உண்பதற்கு ஏற்ற அலகு அது. பிள்ளையை முதலில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்; அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். வேடந்தாங்கலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுதல் நன்று. செல்ல இயலாதோர் கவலைப்பட வேண்டா. உங்கள் ஊர் ஏரிக்கும் நாரை வரும்.

பனிக்காலத்து இரவில் மொட்டை வெளியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு விண்மீன் பார்க்கலாம். கார்த்திகை மாதத்தில் கார்த்திகை மீன்கூட்டம் பொழுது சாய்ந்ததும் கிழக்கே எழும். யாருக்கு எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆறு எண்ணுவோர் நல்ல கண்ணுடையோர். மார்கழியில் மூன்று மீன்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். இலந்தைப்பழம் தையில், கொடுக்காப்புளி பங்குனியில், நுங்கு சித்திரையில், நாவற்பழம் ஆடியில் என்று பிள்ளையின் நாக்குக்கும் பருவம் தெரிய வேண்டும். நுங்கு தின்ற பின் எஞ்சும் கூந்தலால் வண்டி செய்து ஓட்டாத பிள்ளை நம் தெருவில் இருத்தல் ஆகாது. ஆடிக்காற்றில் பனையோலைக் காற்றாடியை வேலமுள்ளில் குத்திக்கொண்டு ஓட வேண்டும். வேனிலின் நண்பகலில் மட்டும் வெளியே செல்லாமல் நிழலில் தங்குவது அறிவுடைமை.

இதனால் உடலுக்கும் கண்ணுக்கும் நன்மை உண்டு. சீன நாட்டுக் குவாங்சோ நகரத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் மூன்றாண்டுகளுக்குள் கிட்டப்பார்வை அடைந்தோர் நூற்றுக்கு 30.4 பேர், அவ்வாறு விடப்படாதோரில் 39.5 பேர். படிப்பு, படிப்பு என்று உள்ளே வைத்திருப்போர் இக்கணக்கையும் பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை என்ன படிக்கும்?

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மண் அள்ளும் எந்திரங்கள் ஏரிக்குள் செங்குத்தான குழிகளைத் தோண்டிவிட்டன. நீர் நிரம்பிய பின் அவை கண்ணுக்குப் புலப்படா. நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று இரண்டாள் ஆழமாக இருக்கும். ஆகவே பிள்ளைக்கு முன் பெரியவர் இறங்கிக் கால் வைத்துப் பார்க்க வேண்டும். நீந்தத் தெரிந்த தந்தையர் கோடை முடிவதற்குள் மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் நீச்சல் கற்பித்துவிட வேண்டும். இடி முழங்கும்போது பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மகள் என்றோம். பூப்பெய்திய பெண்பிள்ளையை ஏரிக்கரைக்கு அனுப்புவதில்லை என்னும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. குடும்பமே உடன் செல்லும்போது அச்சத்திற்கு என்ன இடம்? மற்றொன்று: காணும் பொங்கலன்று எல்லாரும் புறப்படுவர், தாய் மட்டும் விடியற்காலை நான்கு மணி முதல் புளிச்சோறு கிளறிக் கட்டி, வந்தபின் ஏனமும் தேய்ப்பார். அது குடும்பத்தின் களிப்பு ஆகாது. பழையசோறும் வெங்காயமும் போதும். அதையும் தந்தையே தூக்கிச் செல்லட்டும். வாரம் ஆறு நாள் கூலி வேலைக்குச் செல்வோரிடம் நாம் நாள் முழுவதையும் கேட்கவில்லை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். கைப்பேசி வீட்டில் இருக்கட்டும். அங்கே போய்ப் பாடம் நடத்தவும் வேண்டா. இதைச் சொல்வது ஆசிரியராகிய நமக்கே கடினமாக இருக்கிறது. பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். கேளாமல் கல் எறிந்துகொண்டிருந்தால் நீங்களும் ஒரு கல் எறியுங்கள்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை விளக்கீட்டன்று மாவளி சுற்றும் வழக்கம் நம் பகுதியில் அருகிவருகிறது. ஆண்பனையின் உலர்ந்த பூக்கதிர்களைக் குழியில் இட்டுக் கொளுத்திக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுகச் சுருட்டி, பனைமட்டைத் துண்டுகளின் நடுவே வைத்துக் கட்டிக் கயிற்றில் சுழற்றினால் இருளில் பூப்பொறி வட்டமாய்ச் சிதறும். வெடியைப் போல் ஓசையும் இல்லை, செலவும் இல்லை. இதைச் செய்யத் தெரிந்த பெரியவர்கள் இவ்வவையில் ஏழெட்டுப் பேராவது இருப்பர். அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு இளைஞர்களை அருகில் அமர்த்திக் கட்டக் கற்பித்தால், வரும் கார்த்திகையில் வீட்டுக்கு ஒரு மாவளி சுழலும். சுற்றுவோர் பருத்தி ஆடை அணிக; சிறுபிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்க; வைக்கோற்போர் அருகில் வேண்டா. பூக்கதிர் மழையில் நனைந்தால் உதவாது. உதிர்ந்து கிடக்கும் தோப்பு எது என்று தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.