எழுதுகோல் ஏந்திய காதலி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, படக்கதையில் வரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேனே என்று பெரியவர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். சிலம்பையும் மேகலையையும் பற்றிப் பேச என்னினும் வல்லார் இவ்வவையிலேயே உளர். ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் உணவையும் மறந்து எதில் ஆழ்ந்துகிடக்கிறார்களோ, அதனையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தல் நம் கடன் அன்றோ? சூப்பர்மேன் கதையில் அவனுடைய காதலியாக வரும் லோயிஸ் லேன் என்பவளையே இன்று உங்கள்முன் நிறுத்த விரும்புகின்றேன். அவள் ஒரு செய்தித்தாள் நிருபர். காதலி, நிருபர் என்னும் அவ்விரண்டு நிலைகளும் ஒன்றோடொன்று மோதிய கதைதான் என் பொருள்.

1938 ஜூன் என்று தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். லோயிஸும் அதே இதழில்தான் தோன்றினாள். பின்னால் சேர்த்துக்கொண்ட துணைப்பாத்திரம் அல்லள் அவள். படைத்தவர் இருவர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ஜெரி சீகல் கதை எழுதினார். அவருடைய நண்பர் ஜோ ஷூஸ்டர் ஓவியம் வரைந்தார்.

அம்முதற்கதையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சூப்பர்மேன் தன்னை மறைத்துக்கொண்டு, கிளார்க் கென்ட் என்னும் பெயரில் மூக்குக்கண்ணாடி அணிந்த கோழை நிருபனாக வாழ்கின்றான். உடன் பணிபுரியும் லோயிஸை நடனத்திற்கு அழைக்கின்றான். அங்கே ஒரு முரடன் வந்து, அவளைத் தன்னோடு ஆடும்படி வற்புறுத்துகின்றான். வேடம் கலைந்துவிடக்கூடாதே என்று கிளார்க் நடுங்குவதுபோல் நடிக்கின்றான். லோயிஸோ முரடனின் கன்னத்தில் அறைந்துவிட்டு, கிளார்க்கைக் கோழை என்று முகத்துக்கு நேரே சொல்லி வெளியேறுகின்றாள். பின்னர் அம்முரடர்கள் அவளைக் காரில் கடத்திச் செல்ல, சூப்பர்மேன் அந்தக் காரைத் தூக்கி நொறுக்குகின்றான். உலகப் புகழ்பெற்ற அவ்விதழின் அட்டைப்படத்தில் அவன் தலைக்குமேல் தூக்கி நிற்பது அந்தக் கார்தான். மறுநாள் தான் கண்டதை ஆசிரியரிடம் சென்று சொல்கின்றாள் லோயிஸ். அவர் நம்ப மறுக்கின்றார்! அவள் கண்ட முதற்பெருஞ்செய்தி இவ்வாறு எள்ளி நகையாடப்பட்டது. சூப்பர்மேன் வந்து காத்தான் என்பதைவிட, அவன் வருமுன்னரே அவள் கை ஓங்கினாள் என்பதே என் நெஞ்சில் நின்றது.

இத்துணைத் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது? அக்காலத்துத் திரைப்படங்களில் டார்ச்சி பிளேன் என்றொரு பெண் நிருபர் பாத்திரம் இருந்தது. அதில் பெரும்பாலும் நடித்தவர் கிளெண்டா ஃபாரல். ஒரு படத்தில் மட்டும் லோலா லேன் நடித்தார். அப்பாத்திரமும் லோலா லேன் என்னும் பெயரும் தமக்குத் தூண்டுகோலாயின என்று சீகலே பிற்காலத்தில் கூறினார். கற்பனைக்கு முன்னோடியாக மெய்ம்மையும் இருந்தது. நெல்லி பிளை என்னும் பெண் நிருபர் 1887இல் பித்துப்பிடித்தவர்போல் நடித்து, நியூயார்க்கில் மனநோயாளர் விடுதி ஒன்றில் 10 நாள்கள் தங்கி, அங்கு நடந்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தார். 1889-90இல் 72 நாள்களில் உலகைச் சுற்றிவந்தவரும் அவரே. எனினும் செய்தித்தாள்களில் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைத்தது விருந்து, திருமணம், கண்ணீர்க்கதை ஆகியவை தாம். முதற்கதையில் லோயிஸ் எழுதிக்கொண்டிருப்பதும் கண்ணீர்க்கதைகளே.

இனி, கதையின் முடிச்சுக்கு வருவோம். கிளார்க் லோயிஸை விரும்புகின்றான். அவளோ சூப்பர்மேனை விரும்பிக் கிளார்க்கை இகழ்கின்றாள். இருவரும் ஒருவரே. இம்முடிச்சு நமக்குப் புதிதன்று. நளன் கதையை நினைத்துப் பாருங்கள். உருமாறி வாகுகன் என்னும் தேர்ப்பாகனாய் மறைந்திருந்த நளனைத் தமயந்தி எவ்வாறு கண்டுபிடித்தாள்? நாடெங்கும் ஆள்விட்டு வினவினாள். வந்த விடையை ஆய்ந்தாள். தேர் ஓட்டும் திறத்தை நோக்கினாள். சமைத்த உணவைச் சுவைத்து ஐயம் நீங்கினாள். இன்றைய நிருபர் ஒருவர் செய்யும் புலனாய்வு இதனின் வேறு யாது? நம் பழங்கதை, பெண்ணை ஆராயவும் விட்டது. ஆராய்ந்து வெல்லவும் விட்டது. விஞ்ஞான யுகத்துப் படக்கதையோ, அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவனின் மூக்குக்கண்ணாடியைக்கூட ஊடுருவிப் பார்க்க முடியாதவளாகத் தன் சிறந்த நிருபரைப் பல்லாண்டுக்காலம் வைத்திருந்தது. கண்ணாடி போட்டால் அடையாளம் தெரியாதா என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். கேட்பது முற்றிலும் நியாயம்.

இப்பழியைச் சீகலின் தலையில் சுமத்துதல் முறையன்று. 1940ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு கதை எழுதினார். அதில் சூப்பர்மேன் தன் மறைவை லோயிஸிடம் வெளிப்படுத்துகின்றான். இருவரும் அன்றுமுதல் கூட்டாளிகளாகின்றனர். பதிப்பகத்தார் அக்கதையை வெளியிடவில்லை. அது பல பத்தாண்டுகள் பழைய தாள்களிடையே உறங்கிப் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. உண்மை தெரிந்துவிட்டால் கதை ஓடாது என்று அஞ்சினார்கள் போலும். அந்த அச்சத்திற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது லோயிஸின் அறிவு.

1958இல் அவள் பெயரிலேயே தனி இதழ் தொடங்கினார்கள். 1974வரை 137 இதழ்கள் வெளிவந்தன. ஆனால் இதழின் பெயரைக் கவனியுங்கள்: ‘சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன்’. அவள் தொழில் தலைப்பிலிருந்து நழுவிவிட்டது. அவ்விதழ்களில் அவளுடைய ஆராயும் ஆவல் ஒரு குறும்பாகவே காட்டப்பட்டது. அவள் மறைவை அறிய முயல்வாள். சூப்பர்மேன் தந்திரம் செய்து அவளை முட்டாளாக்கிப் பாடம் புகட்டுவான். திருமணம் நடந்தால், அது கனவாக இருக்கும்; இல்லையேல் ‘கற்பனைக் கதை’ என்று முகப்பிலேயே அறிவித்திருப்பார்கள். கற்பனைக்குள் ஒரு கற்பனை! 1970இல் வந்த ஓர் இதழ் மட்டும் வேறு திசையில் சென்றது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்குச் செய்தி திரட்டச் சென்ற லோயிஸுடன் எவரும் பேச மறுக்கின்றனர். உடனே அவள் ஒரு கருவியின் உதவியால் ஒரு நாளைக்குக் கறுப்பினப் பெண்ணாக மாறுகின்றாள். வாடகைக் கார் ஓட்டுநர் அவளைக் கண்டும் காணாமல் போகின்றார். நோக்கம் நல்லது. ஆயினும் பிறருடைய தோல், உடுத்திக் களையும் ஆடையன்று. அக்கதையை இன்று படிப்பவர்க்குக் கூச்சமே தோன்றும். எனக்கும் தோன்றியது.

திரைப்படத்திலும் நிலை உடனே மாறவில்லை. மார்கட் கிடர் என்னும் நடிகை 1978இல் லோயிஸாக வந்து படபடவென்று பேசி மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தார். 1980இல் வந்த இரண்டாம் படத்தில் லோயிஸ் தன் ஐயத்தைச் சோதிக்க நயாகராவின் வெள்ளத்திலேயே குதிக்கின்றாள். பிறகு கிளார்க்கின் கை நெருப்பில் பட்டும் சுடாதிருக்கக் கண்டு உண்மையை அறிகின்றாள். அம்மம்ம, கடைசியில் அறியவிட்டார்களே என்று நாம் மகிழ்வதற்குள், படத்தின் முடிவில் அவன் ஒரு முத்தத்தால் அவள் நினைவை அழித்துவிடுகின்றான். அவளைக் கேட்டானா? கேட்கவில்லை. அழகிய காட்சி என்று பலர் போற்றுவர். ஒரு நிருபர் தன் முயற்சியால் தேடிக் கண்டதை அவரிடமிருந்து திருடியதாகவே எனக்குப் படுகிறது.

1991இல்தான் மூலக் கதைத்தொடரில் கிளார்க் உண்மையை அவளிடம் தானே கூறினான். சீகல் எழுதிய கதைக்கும் அதற்கும் இடையே 51 ஆண்டுகள்! 1996இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. தொலைக்காட்சித் தொடரிலும் அதே ஆண்டு மணம் முடித்தார்கள். வாசகர் ஓடிவிடவில்லை; கதையும் நின்றுவிடவில்லை.

இங்கே மெய்யான ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. பொருளாதார மந்தம் வாட்டிய 1930களில் கிளீவ்லாந்தில் ஓர் இளம்பெண், ஓவியர்க்கு முன்மாதிரியாக நிற்கத் தயார் என்று செய்தித்தாளில் சிறு விளம்பரம் கொடுத்தார். அதைக் கண்டு அழைத்தவர் ஷூஸ்டர். லோயிஸின் உருவம் அப்பெண்ணைப் பார்த்தே வரையப்பட்டது. அவர் பெயர் ஜோன். 1948இல் அவர் சீகலை மணந்தார். படக்கதையில் கண்ணாடி அணிந்த எளியவனை இகழ்ந்த லோயிஸின் முகத்துக்கு உரியவர், வாழ்க்கையில் கண்ணாடி அணிந்த எழுத்தாளர் ஒருவரையே தேர்ந்துகொண்டார்!

அப்பொழுது சீகல் செல்வத்தில் திளைக்கவில்லை. சூப்பர்மேனின் உரிமையை நண்பர் இருவரும் 1938இல் 130 டாலருக்கு விற்றுவிட்டிருந்தனர். வழக்குத் தொடுத்ததன்பின் வேலையும் போயிற்று. படைத்தவர் என்ற பெயரும் இதழ்களிலிருந்து நீங்கிற்று. 1975இல், புதிய திரைப்படம் வரவிருந்த வேளையில், சீகல் தம் நிலையைச் செய்தித்தாள்கள் வழியே உலகறியச் செய்தார். அதன் பிறகே ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயரும் இருவர்க்கும் கிடைத்தன. சீகல் 1996இல் மறைந்தபின் ஜோன் உரிமைக்கான போராட்டத்தைத் தாமே ஏற்று நடத்தினார். 2011இல் அவர் காலமானார். 2013இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு நிறுவனத்திற்கே சாதகமாயிற்று.

அதே 2013இல் வெளிவந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் தமயந்தியின் வழி மீண்டும் திறந்தது. ஏமி ஆடம்ஸ் நடித்த லோயிஸ், யார் என்று தெரியாத ஒருவனால் உயிர்பிழைத்தவர்களை ஊர் ஊராகத் தேடி வினவி, அவனுடைய சிற்றூரையே சென்றடைகின்றாள். உலகம் அவனை அறியுமுன் அவள் அறிகின்றாள். அறிந்தபின், அவன் நலம் கருதி, அச்செய்தியை வெளியிடாமல் விடுகின்றாள். அது அவளே எடுத்த முடிவு. எவரும் அவள் நினைவை அழிக்கவில்லை.

2025இல் வந்த படத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ரேச்சல் பிராஸ்னஹன் நடித்த லோயிஸுக்குத் தொடக்கத்திலேயே எல்லாம் தெரியும், இருவரும் காதலர்கள். கிளார்க் வழக்கமாகச் சூப்பர்மேனைத் தானே பேட்டி கண்டதுபோல் எழுதிப் புகழ்பெற்று வருகின்றான். என்னையும் பேட்டி எடுக்கவிடு என்கின்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே இசைகின்றான். ஒலிப்பதிவுக் கருவியை இயக்கியதும் அவள் முகம் மாறுகின்றது. இரு நாடுகளுக்கிடையே மூள இருந்த போரில் நீ தலையிட்டாயே, எந்த அரசைக் கேட்டுத் தலையிட்டாய், யார் சார்பில் சென்றாய், விளைவை எண்ணினாயா என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவுகின்றாள். மக்கள் மடிய இருந்தார்களே என்று அவன் குமுறுகின்றான். அவள் விடவில்லை. மலையைப் பெயர்க்கும் வலிமையுடையவன், ஒரு சிறு அறைக்குள் ஒரு பெண்ணின் வினாக்களுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் சினந்து எழுந்து வெளியேறுகின்றான்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னாலிருந்து எனக்குக் கை காட்டுகின்றார்கள்.